புழு பார்த்த வைத்தியம்

நம் வயதுக்காரர்களில் இனிப்பு நீர் வியாதி இல்லாதவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். ஒருவரும் தூக்கமாட்டீர்கள் என்று தெரியும். அதனால்தான் இதை உங்களிடம் சொல்லத் துணிந்தேன். பேரப்பிள்ளைகளிடம் ஆரம்பித்தால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

போன மாதம் சிரம்பான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த என் தோழியைப் பார்க்கப் போனேன். எங்கள் ராசா ஊரில் எனக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள். கால் விரலில் ஆரம்பித்த புண் பாதத்துக்கு ஏறியிருந்தது. நான் போன நேரம் சின்ன வயது டாக்டர் ஒருத்தி, மலாய்க்காரப் பெண், கையில் ஒரு கண்ணாடிப் போத்தலோடு கட்டிலருகே நின்றிருந்தாள். போத்தலுக்குள் புழு. இதைப் புண்ணில் விட்டுக் கட்டினால் அழுகியதை மட்டும் தின்று சுத்தம் செய்துவிடும், காலை எடுக்காமல் பார்க்கலாம் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் தோழி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "கால வேணும்னா வெட்டிக்கச் சொல்லு லா. அந்த அசிங்கத்த என் மேல விடாதீங்க" என்று அழுதாள்.

நான் போத்தலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. "இவங்கள எனக்குச் சின்ன வயசிலேயே தெரியும்டி. எங்க மாமாவுக்கு வைத்தியம் பாத்தவங்க" என்றேன். தோழி அழுகையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் நான் சொன்னதைக் கேட்டுத்தான் சம்மதித்தாள். இன்றைக்கு அவள் சொந்தக் காலில் நின்று தோசை சுடுகிறாள். அவளுக்கு அன்று அவசரமாகச் சொன்னதை உங்களுக்கு நிதானமாகச் சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் ரந்தாவிலிருந்து கோலா சாவா போகும் பக்கம் இருந்தது. ஜப்பான்காரன் வந்து இரண்டாவது மழைக்காலம் என்று நினைக்கிறேன். வெள்ளைக்காரத் தொரை ஓடிப்போய் வெகுநாள் ஆகியிருந்தது. ரப்பர் பால் வாங்க ஆளில்லை, அதனால் பட்டையைச் சீவி மரம் வெட்டும் வேலை பாதி நின்றுபோனது. ரப்பர் மரங்களுக்கு நடுவே புதர் மண்டி, மனிதர் நடந்த பாதையெல்லாம் மூடிக்கொண்டது. புதரோடு காட்டு ஜீவன்களும் திரும்பி வந்தன. நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலேயே காட்டுப்பன்றி மண்ணைக் கிளறிவிட்டுப் போகும். ஓடைக்கரையில் மரக்கட்டை கிடக்கிறதென்று பக்கத்தில் போனால், அது நாக்கை நீட்டும் பெரிய உடும்பாக இருக்கும்.

பெரியவர்களுக்கு அது பஞ்ச காலம். எனக்கும் பசி இல்லாமலில்லை. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு, அதுவும் அளந்துதான். ஆனால் அந்தக் காலம் எனக்கு வேறு விதமாகவும் ஞாபகத்தில் இருக்கிறது. காரணம் ஒரு பூதக்கண்ணாடி.

தொரை ஓடிய அன்று தோட்டத்துச் சனங்கள் பங்களாவுக்குள் புகுந்து அரிசி, சீனி, நாற்காலி, திரைச்சீலை என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கடைசியாகப் போய்ச் சேர்ந்தார். மிச்சமிருந்தது மேசை டிராயரில் கிடந்த, கைப்பிடி உடைந்த பூதக்கண்ணாடி ஒன்று. அதை எடுத்துவந்து என் கையில் வைத்தார். "ஊரே அரிசியத் தூக்கிட்டு வருது, நீ கண்ணாடிய தூக்கிட்டு வந்தியாடா" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாமாவுக்கு அப்போது இருபது வயது இருக்கும். சிரிப்பதைத் தவிர வேறு பதில் அவருக்குத் தெரியாது.

அந்தக் கண்ணாடி வழியே நான் பார்க்காத ஜீவன் இல்லை. கம்பளிப்பூச்சியின் முகம், பல்லியின் உள்ளங்கால், காலில் ஒட்டிய அட்டை இரத்தம் குடித்துப் பருக்கும் விதம், சுவரோரத் தேரையின் கண்ணைச் சுற்றி ஓடும் பொன் வளையம், எல்லாவற்றையும் பார்த்தேன். தேரையின் கண் அவ்வளவு அழகு என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அம்மாவிடம் காட்டப் போனால், "அவலட்சணத்தையெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டாராத" என்பாள். அவள் கணக்கில் மயில், மான், கிளி, பசு தவிர மற்றதெல்லாம் அவலட்சணம். உங்கள் அம்மாக்களும் அப்படித்தான் இருந்திருப்பார்கள்.

அப்பா அப்போது வீட்டில் இல்லை. சயாமில் ரயில் ரோடு போட ஆள் வேண்டும், சில மாதத்தில் திரும்பிவிடலாம், அரிசிச் சோறு போடுவார்கள் என்று சொல்லி முதல் லாரி வந்தபோதே அவர் போய்விட்டார். யாரும் அவரைப் பிடித்து ஏற்றவில்லை. அரிசி என்ற வார்த்தையைக் கேட்டு அவராகத்தான் ஏறினார். துவைத்த சட்டையும், தலையில் பழைய தொப்பியுமாகப் போனார். அதன்பின் எந்தச் சேதியும் இல்லை. அடுத்தடுத்து வந்த லாரிகளில் யாரும் தானாக ஏறவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆண்களை வரிசையாக நிறுத்தி, கை காலைப் பார்த்து, ஆள் பிடித்தார்கள்.

மாமா அந்த வரிசையில் நிற்காமல் தப்பியதற்குக் காரணம் ஒரு புண். மரவள்ளி நடுவதற்குப் புதர் வெட்டும்போது, கூராக வெட்டுப்பட்டு நின்ற மூங்கில் முளை முழங்காலுக்குக் கீழே குத்திவிட்டது. நல்ல சாப்பாடு இருந்த காலமென்றால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். அந்தக் காலத்தில் கொசுக்கடியே சீழ் பிடித்தது. மாமாவின் காயம் முதலில் நாணயம் அளவுக்கு அகலமாயிற்று, பிறகு உள்ளங்கை அளவுக்கு. நடுவில் கறுப்பாக, ஓரத்தில் மஞ்சளாக, அழுகிய பலாப்பழம் மாதிரி ஒரு வாடை. லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் எங்கள் வாசலைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

தோட்டத்து மருந்து வீட்டில், மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரசர் ஐயா ஒருவர் இருந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த, பேச்சில் கண்டிப்பான மனிதர். தொரை காலத்தில் அவர் அலமாரி நிறைய மருந்து இருந்தது. இப்போது அவரிடம் இருந்ததெல்லாம் உப்பும் கொய்யா இலையும்தான். அவற்றைப் போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் கழுவச் சொன்னார். கழுவிப் பார்த்தும் ஆறாதபோது, ஒரு நாள் அம்மாவை வாசலுக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இத வச்சுக்கிட்டிருந்தா உயிருக்கே ஆபத்தும்மா. காலை வெட்டணும். ஆனா இங்க யாரு வெட்டறது? சிரம்பானுக்குக் கொண்டு போனாலும் நம்மள உள்ள விடுவாங்களான்னு தெரியல."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை. அம்மா காலையில் மரவள்ளிக் காட்டுக்குப் போனால் மாலையில்தான் வருவாள். அதுவரை மாமா பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் ஈ விரட்ட வேண்டும். நானும் விரட்டினேன். ஆனால் ஒரு குழந்தையின் கை எத்தனை நேரம் ஆடும்? ஈக்கு வேறு வேலை கிடையாது. அது காத்திருக்கும்.

ஒரு மாலை அம்மா புண்ணில் கட்டியிருந்த துணியைப் பிரித்தாள். பிரித்த கை அப்படியே நின்றது. புண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக நெளிந்தது.

நம் பேச்சில் "புழுத்துப் போவே" என்பதைவிடக் கொடிய சாபம் உண்டா, சொல்லுங்கள். குழாயடிச் சண்டையில்கூட அந்த வார்த்தை வந்துவிட்டால் மற்றவர்கள் வந்து வாயைப் பொத்துவார்கள். செத்த பிறகு வர வேண்டியது உயிரோடு இருக்கும்போதே வந்துவிட்டதென்று அம்மா நினைத்தாள். திரும்பி எனக்கு ஓங்கி ஓர் அறை விட்டாள். "ஈய ஓட்டச் சொன்னா என்னடி பண்ணிட்டிருந்தே? அந்தக் கண்ணாடிய வச்சு விளையாடிட்டிருந்தியா?" என்றாள். எனக்கு அழுகை வந்தது அறைக்காக அல்ல. மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதற்காக.

அம்மா ஈர்க்குச்சியை எடுத்து ஒவ்வொன்றாகக் குத்தியெடுக்க ஆரம்பித்தாள். குச்சி பட்ட இடமெல்லாம் மாமா துடித்தார். கொஞ்ச நேரத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுக்கா. நீ குத்துறதுதான் வலிக்குது. அதுங்க வலிக்கல."

"புழுடா. புழு வச்சிருக்குடா."

"தெரியுது. ரெண்டு நாளா குறுகுறுன்னு இருந்துச்சு. ஆனா இந்த ரெண்டு நாளாத்தான் நான் கொஞ்சம் தூங்குறேன்."

அம்மா டிரசர் ஐயாவைக் கூப்பிட ஓடினாள். அவர் குளிர்காய்ச்சலில் மூன்று கம்பளிக்கடியில் நடுங்கிக்கொண்டு கிடந்தாராம். எழுந்து வர முடியவில்லை. வீடு திரும்பிய அம்மா வேறு வழியில்லாமல் புண்ணின் மேல் ஒரு துணியை லேசாகப் போட்டு மூடினாள். தம்பியின் வலியைப் பார்க்க முடியாமல் விட்டாளே தவிர, புழு நல்லது செய்யும் என்று நம்பி விடவில்லை.

அடுத்த நாள் பகலில் மாமாவே என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, அந்தக் கண்ணாடிய எடுத்துட்டு வா. அதுங்க உள்ள என்னதான் செய்யுதுன்னு பாத்துச் சொல்லு."

பார்த்தேன். அன்று பார்த்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. எல்லாம் தலையைக் கீழே கொடுத்து, வாலை மேலே தூக்கி, தோளோடு தோள் ஒட்டி நின்றன. வால் நுனியில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பழுப்புப் புள்ளிகள். அவைதான் கண்கள், என்னைத்தான் பார்க்கின்றன என்று நினைத்து நானும் தலையாட்டினேன். அவை மூச்சுவிடும் துளைகள் என்று வெகுகாலம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். வாயை அழுகலில் முக்கிக்கொண்டு வேலை செய்பவனுக்கு மூக்கு பின்பக்கம்தானே இருக்க வேண்டும். யோசித்துச் செய்ததுபோல் இருந்தது. உடம்பு வெறும் வெள்ளையும் இல்லை. பதநீர் மாதிரி லேசாக உள்ளே தெரியும் வெள்ளை. அதற்குள் ஒரு கறுப்புக் கோடு, தின்றது இறங்கிப் போகும் பாதை, விட்டுவிட்டு அசைந்தது. தலைப்பக்கம் ஊசியாகக் கூர்ந்து, நுனியில் இரண்டு குட்டிக் கொக்கிகள். அந்தக் கொக்கிகளால் கறுப்புச் சதையைச் சுரண்டுவதும், அலை மாதிரி உடம்பைச் சுருக்கி நீட்டுவதும், ஒன்று நகர்ந்தால் பக்கத்திலிருப்பது இடம் விடுவதுமாக ஒரே சுறுசுறுப்பு. களை எடுக்கும் பெண்கள் வரிசையாகக் குனிந்து போவார்களே, அப்படி.

"என்ன பாப்பா செய்யுது?"

"கறுப்பத் திங்குது மாமா. செவப்புக்கு வந்ததும் திரும்பிப் போயிருது."

"நல்லாப் பாரு. செவப்பத் தொடலையா?"

"தொடல."

மாமா கண்ணை மூடிக்கொண்டு, "அப்ப திங்கட்டும்" என்றார்.

வயிறு நிறைந்தவை தாமாகவே புண்ணைவிட்டு இறங்கின. துணியோரமாக ஊர்ந்து கீழே விழுந்தவற்றில் சிலவற்றை எடுத்து, ரப்பர் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணம் ஒன்றில் மரத்தூள் போட்டு அதில் விட்டு, மேலே துணி கட்டி வைத்தேன். குழந்தைகள் எதையாவது எடுத்து வைப்பார்கள்.

வாடை குறைந்ததை முதலில் கவனித்தவள் அம்மா. வேலையிலிருந்து வந்து வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள். பிறகு உள்ளே வந்து துணியைத் தூக்கிப் பார்த்தாள். கறுப்பு முக்கால்வாசி போயிருந்தது. அடியில் அரைத்த சிவப்பு மிளகாய் மாதிரி புதுச் சதை. அம்மா பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிரவு, என்னை அறைந்த கையாலேயே தன் பங்குக் கிழங்கில் ஒரு துண்டை என் தட்டில் போட்டாள்.

டிரசர் ஐயா காய்ச்சல் விட்டு, கம்பு ஊன்றிக்கொண்டு வந்தார். புழுவைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "உயிரோட இருக்கிற சதையையே தின்னுற புழுவும் இந்த ஊர்ல உண்டும்மா. எத்தன மாட்டைப் பாத்திருக்கேன்" என்று குனிந்தார். என் கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். அதை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார்.

"முந்தின பெரிய சண்டையில ரெண்டு பேர் காயம்பட்டு, பல நாள் வெளியிலேயே கிடந்தாங்களாம். காயம் பூரா புழுவாம். அவங்க காயந்தான் எல்லாரையும்விட சுத்தமா இருந்துச்சாம். எனக்கு மேல வேலை பாத்த வெள்ளைக்கார டாக்டர் சொன்னாரு. விளையாட்டுக்குச் சொல்றாருன்னு நினைச்சேன்" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "இருக்கட்டும்மா. சிவப்பைத் தொட்டா உடனே என்னைக் கூப்பிடு. காலை வெட்டணும்னு சொன்னேன்ல, அதை இப்போதைக்கு மறந்துடு" என்றார்.

அவ்வளவு கண்டிப்பான மனிதர், தான் நினைத்தது தவறு என்று வாய்விட்டுச் சொன்னது அந்தத் தோட்டத்தில் பெரிய விஷயம்.

மங்கில் விட்டவை மரத்தூளுக்குள் போய், நெல்மணி அளவில் பழுப்புக் கூடாகி அசையாமல் கிடந்தன. செத்துவிட்டன என்று நான் வருத்தத்தில் இருந்த ஒரு காலை, துணிக்கடியில் ரீங்காரம் கேட்டது. கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஈ. ஆனால் நாம் கையை வீசி விரட்டும் ஈயாக அது தெரியவில்லை. முதுகு முழுக்கப் பச்சை. அதற்குள் பொன்னும் செம்பும் திரும்பத் திரும்ப மின்னின. கண் இரண்டும் மாதுளை முத்து. சிறகில் இலை நரம்பு மாதிரி கோடுகள். அம்மா கஞ்சி கிளறிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். என்ன மனசோ, அன்று அவள் திட்டாமல் குனிந்து பார்த்தாள்.

"என் கல்யாணச் சேலை இந்தக் கலர்தான்" என்றாள் கொஞ்சம் கழித்து. அந்தச் சேலையை அவள் ஏற்கெனவே ஒரு சீனத்தியிடம் கொடுத்து அரிசி வாங்கியிருந்தாள். நான் மங்கின் துணியை அவிழ்த்துவிட்டேன். ஈக்கள் ஒவ்வொன்றாக விளிம்பில் ஏறி, காலைத் தேய்த்துக்கொண்டு, வெயிலுக்குள் பறந்து போயின. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவலட்சணம் என்ற வார்த்தையை அதன்பிறகு அம்மா வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

புண் சுருங்கி, மாமா சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தபோதுதான் தோட்டத்து மேஸ்திரியான மண்டோர் வந்தார். லாரிக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் வேலையை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். அதனால் அவரைக் கண்டாலே சனம் கதவைச் சாத்தும். உண்மையில் கெட்டவர் இல்லை. பயந்தவர்.

"தங்கச்சி, வெள்ளிக்கிழம லாரி வருது. தம்பி எந்திரிச்சு நடக்குறதா காதுல விழுந்துச்சு. நடக்குறவன நான் வரிசையில நிறுத்தியே ஆகணும். இல்லன்னா என் தல போயிடும்" என்று சொல்லிவிட்டு, அம்மா முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

அம்மா அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்தாள். புருஷன் போய்ச் சேதியில்லை. இப்போது தம்பி. கால் அழுகியபோது உயிர் போகும் என்று பயந்தாள், ஆறியதும் லாரி வருகிறது. கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள்.

"ஓடையோரம் ஒரு உடும்பு செத்துக் கிடக்குன்னு சொன்னியே, அது இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா. நாறுது."

"நாறட்டும். வியாழக்கிழம சாயங்காலம் ஒரு கொட்டாங்கச்சி நிறைய புழு எடுத்துட்டு வா. உனக்குத்தான் அதுங்களப் பழக்கம்."

வெறுங்கையால் அள்ளினேன். அருவருப்பே வரவில்லை. மழைக்காலத் தோட்டத்தில் எதைத் தொட்டாலும் சில்லென்றிருக்கும், அவை மட்டும் இளஞ்சூடாக இருந்தன. கூட்டமாக இருந்தால் அவை தமக்கே சூடு உண்டாக்கிக்கொள்ளும். விரலிடுக்கில் புகுந்து வெளிச்சத்துக்குப் பயந்து ஒளிந்துகொண்டன.

வெள்ளிக்கிழமை காலை அம்மா, ஆறிவரும் புண்ணின் மேல் வாட்டிய வாழையிலைத் துண்டு ஒன்றைப் பதமாக வைத்தாள். அழுக்குப் படக்கூடாதே. அதன்மேல் உடும்பின் நிணநீரில் நனைத்த கந்தல் துணி. மடிப்பு மடிப்பாகப் புழுவை வைத்துச் சுற்றினாள். வீடு முழுக்கப் பழைய வாடை திரும்பியது. இப்போது அந்த வாடை எங்களுக்கு ஆறுதலாக இருந்தது.

பெரட்டுக் களத்தில் ஆண்கள் நின்றார்கள். மாமாவை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் ஓரமாக நின்றோம். ஜப்பான் அதிகாரி சிறிய உருவம், கால் முழுக்கப் பளபளக்கும் தோல் சப்பாத்து. ஒவ்வொருவர் தோளையும் காலையும் பிரம்பால் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் மண்டோர், பின்னால் டிரசர் ஐயா.

மாமா முன்னால் வந்ததும் பிரம்பு துணியின் மடிப்பைத் தூக்கியது. இரண்டு மூன்று புழு பிரம்பின் மேலேயே ஏறின. அதிகாரி பின்னால் துள்ளியதில் மண்டோரின் காலை மிதித்துவிட்டார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். ஆனால் போகச் சொல்லவில்லை. டிரசர் ஐயாவைத் திரும்பிப் பார்த்து, கைக்குட்டைக்குள்ளிருந்து ஏதோ கேட்டார்.

டிரசர் ஐயா பொய் சொல்லாத மனிதர். மருந்து திருடியதாகச் சொந்த மச்சானையே தொரையிடம் காட்டிக்கொடுத்தவர் என்று அவரைப் பற்றிப் பேச்சு உண்டு. மாமாவின் காலை இரண்டு நாளுக்கு முன்தான் தொட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்ச நாளில் ஓடலாம் என்று சொல்லியிருந்தார். அவர் மாமாவைப் பார்க்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காக்கி இனி மெஸ்தி போத்தோங், துவான்" என்றார் மலாயில். இந்தக் காலை வெட்டியே ஆகவேண்டும் என்று அர்த்தம்.

அதிகாரி இப்படி ஒருவனைத் தன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியதற்காக மண்டோரை ஓர் அறை அறைந்துவிட்டு, மாமாவைத் தூர இழுத்துப் போகும்படி பிரம்பை வீசினார். அன்று லாரியில் ஏறியவர்கள் எல்லாரும் கால் நன்றாக இருந்தவர்கள். அவர்களின் பெண்டாட்டி பிள்ளைகள் எங்களுக்குப் பக்கத்தில்தான் நின்றார்கள். அதனால் வீட்டுக்கு வந்தும் நாங்கள் சந்தோஷப்படவில்லை. மாமா மட்டும் துணியை அவிழ்க்கும்போது மெதுவாகச் சொன்னார்: "எனக்கு ஒரே பயம்தான்க்கா. அதுங்க ஊர்றப்போ கூசுது. சிரிச்சுருவனோன்னு பயம்."

அம்மா அவற்றை அடுப்பில் போடவில்லை. கொட்டாங்கச்சியில் தட்டி, என்னிடம் கொடுத்து, எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வரச் சொன்னாள்.

அதன்பின் மரம், மலை, பூச்சி, மனிதர் என்று எவ்வளவோ பார்த்துவிட்டேன். அந்தக் கண்ணாடியும் லயம் மாறிய குழப்பத்தில் எங்கோ போய்விட்டது. கண்ணாடி இல்லாவிட்டாலும் பார்க்கும் பழக்கம் போகவில்லை. தூரத்திலிருந்து பார்த்து அசிங்கம் என்று நான் நினைத்த ஒரு ஜீவனும் கிட்டப்போய்ப் பார்த்தபோது அசிங்கமாக இருந்ததில்லை. அதனதன் வேலைக்கு அதனதன் உடம்பு. பார்க்கிறவருக்குப் பயமோ பசியோ சாபமோ நடுவில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். இப்படிச் சொல்வது சுலபம் என்பதும் எனக்குத் தெரியும். ஏனென்றால் இதற்குப் பிறகு நடந்தது ஒன்று இருக்கிறது.

சண்டை முடிந்து, சயாமுக்குப் போனவர்களில் மிஞ்சியவர்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். ஒரு மத்தியானம் எங்கள் வாசற்படியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அப்பாவோடு ஒரே லாரியில் போன, அடுத்த லயத்துக்காரர். முகத்தை வைத்து அடையாளம் தெரியவில்லை, குரலை வைத்துத்தான் தெரிந்தது. இடது கால் முழங்காலோடு இல்லை. மூங்கில் கட்டையைச் சுவரில் சாத்திவிட்டு, வெகுநேரம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் தனியாக வந்ததிலேயே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். மாமா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அங்க எல்லாருக்கும் கால்ல புண்ணு தங்கச்சி" என்று அவர் ஆரம்பித்தார். "மூங்கில் கிழிச்சா போதும், அழுகிரும். உங்க வீட்டுக்காரருக்கும் வந்துச்சு. அப்புறம் புழு வச்சுருச்சு."

அம்மா தலை நிமிர்ந்தாள்.

"ஆனா நான் விடல. வேல முடிஞ்சு வந்ததும் மூங்கில் குச்சியச் சீவி வச்சுக்கிட்டு உக்காருவேன். ஒண்ணு விடாம எடுத்துப் போடுவேன். அவரு கத்துவாரு, ஆனாலும் விடமாட்டேன். என் புண்ண அதுக்கப்புறந்தான் பாப்பேன். பக்கத்துல கிடந்தவங்கள்லாம் புழுத்துக் கிடந்தாங்க. உங்க வீட்டுக்காரர நான் அப்படிப் போக விடல. அழுகுனது அழுகிருச்சு, அது நம்ம கையில இல்ல. ஆனா கடைசி வரைக்கும் அவரு மேல ஒரு புழு கிடையாது தங்கச்சி. மனுசனாத்தான் போனாரு."

அவர் இதைத்தான் அவ்வளவு தூரம் சுமந்து வந்திருந்தார். சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தார்.

புழுவை விட்டுவைத்திருந்தால் அப்பா பிழைத்திருப்பாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது. சோறில்லாத இடத்தில் புழு மட்டும் என்ன செய்துவிடும். அன்று குழந்தையான எனக்கு அந்த யோசனையெல்லாம் இல்லை. "அது புழு..." என்று நான் வாயைத் திறந்தேன். "பாப்பா, வந்திருக்கிற மாமனுக்குப் போய்த் தண்ணி மொண்டா" என்றாள் அம்மா, என் பக்கம் திரும்பாமலே. மாமா சத்தமில்லாமல், தழும்பு மறைய, கைலியைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டுக்கொண்டார்.

நான் தண்ணீரோடு வந்தபோது அம்மா அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"கூடப் பொறந்தவன்கூட இவ்வளவு செய்யமாட்டான் அண்ணே. நான் பக்கத்துல இருந்திருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். அவர நல்லாப் பாத்துக்கிட்டீங்க."

அந்த மனிதர் தோள் குலுங்க அழுதார். அம்மா எழுந்து உள்ளே போய், இருந்த கிழங்கையும் கருவாட்டையும் தட்டில் போட்டு எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். சாப்பிடும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டுக் கேட்டுப் போட்டாள். அவர் கை கழுவி, மூங்கில் கட்டையை ஊன்றி எழுந்து, லயத்துக் கோடியைத் தாண்டிக் கண்ணுக்கு மறையும்வரை அம்மா அழவில்லை.